நடுக்கோடு

மணி மூன்றரை. தார்த்து நகரத்தில் இருட்டிவிட்டது.
திரையில் ஒரு களிமண் உருண்டை.
களிமண் இல்லை, கணக்கு.
இருந்தும் கை அப்படித்தான் நம்புகிறது.

எக்ஸ் விசையைத் தட்டுகிறேன்.
உருண்டைக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாமல்,
ஒரு கோடு விழுகிறது.
இந்தப் பக்கம் நான் தூரிகை வைத்தால்
அந்தப் பக்கம் யாரோ வைக்கிறார்கள்,
என் வேகத்தில், என் அழுத்தத்தில்,
சம்பளம் கேட்காமல்.

ஒரு கன்னம் இழுத்தால் இரண்டு கன்னம்.
ஒரு காது மடித்தால் இரண்டு காது.
ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு
என்ற பேச்சே இங்கில்லை.
வெண்ணெய் என்றால் இரண்டிலும் வெண்ணெய்.
இதைவிட நியாயமான ஓர் அரசை
நான் கண்டதில்லை.

ஹாப்சாலுவிலிருந்து ஹில்யே கேட்டிருந்தாள்,
ஏழரை சென்டிமீட்டரில் ஒரு விலாங்கு மீன்காரி.
மேசை விளையாட்டில் ஒன்பது வருடமாக
அவள் ஆடிவரும் பாத்திரம்.
பெயர் லீசு. வயது ஐம்பது.
தூண்டில் முள் பட்டு இடக்கண் போனவள்.
'அழகாக வேண்டாம், பிடிவாதமாக இருக்கட்டும்'
என்று கடிதத்தின் கடைசியில்.

நாலாம் நாள் முள்ளை எடுத்தேன்.
இமை கிழிய, குழி ஆழ, விளிம்பில் தழும்பு சுருங்க,
ஒரு மணி நேரம் குனிந்த தலை நிமிரவில்லை.
பெரிதாக்கிய திரையில் அந்த ஒரு குழிதான் உலகம்.
பிறகு விலகிப் பார்த்தால்
இரண்டு கண்ணும் இல்லை அவளுக்கு.

சுண்ணாம்பு என்றால் இரண்டிலும் சுண்ணாம்பு.

பின்னால் தாவெத் சிரித்தான், ரெசின் வாடையோடு.
'கூட்டிப்போக ஒரு நாயும் சேர்த்துச் செய்துவிடு.'
நான் அந்த ஒரு மணி நேரத்தைப் பின்னோக்கி
ஒவ்வொரு தட்டாய் அவிழ்த்தேன்.
வலக்கண் திரும்பி வந்தது.
கூடவே இடக்கண்ணும்.
ஒரு நொடி, இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தாள்.
அதைச் சேமித்து வைக்கவில்லை.
ஏனென்று தெரியவில்லை.

எக்ஸை அணைத்துவிட்டு மறுபடி குத்தினேன்.
இந்த முறை ஒரு கண்தான் போனது.
கை கொஞ்சம் நடுங்கியது,
துணைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

கண் போன பின்னும் பொம்மையாகவே நின்றாள்.
தோள் ஒரே மட்டம், முட்டி ஒரே மட்டம்,
பள்ளி வரிசையில் நிறுத்திய பிள்ளை மாதிரி.
எங்கே வளைப்பது?
ஒருமுறை வளைத்தால் நடுக்கோடு தொலையும்.
அப்புறம் எத்தனை முறை எக்ஸைத் தட்டினாலும்
இந்த முட்டிக்கு இணை எந்த முட்டி என்று
தேடித் தேடித் தோற்கும் நிரல்.
அதனால் பொத்தான், பெல்ட், பூட்ஸ்
எல்லாம் முடித்த பிறகே வளைக்க வேண்டும்.
முடித்த பிறகும் தள்ளிப்போட்டேன்.

மறுநாள் காலை இடக் கையுறையைக் காணோம்.
பேருந்தில் விட்டிருப்பேன்.
மைனஸ் பதினெட்டு.
உறைந்த எமாயோகி ஆற்றில் துளை போட்டு
யாரோ முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.
இடக்கையைப் பைக்குள் திணித்துக்கொண்டு
பாலம் முழுக்க நடந்தேன்.
தோள் காதை நோக்கி ஏறியது.
இடுப்பு வலப்பக்கம் தள்ளியது.
காற்று அடித்த பக்கம் கண் தானாக மூடிக்கொள்ள
மிச்சக் கண்ணால் வழி பார்த்தேன்.

மேலங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்து
என் தோளை அவளுக்குக் கொடுத்தேன்.
இடுப்பையும்.
நடுக்கோடு தொலைந்தது.
எங்கே என்று நான் தேடவில்லை.

தாவெத் அச்சிட்டான், கழுவினான்,
தாங்கு குச்சிகளை நறுக்கி மேசையில் வைத்தான்.
வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.
அவன் ஒன்றும் சொல்லாமல் போவது அபூர்வம்.

வெள்ளிக்கிழமை ஹில்யே எழுதினாள்:
'லீசுவேதான். ஒன்று மட்டும்,
ஏன் குளிரில் நிற்பவள் போல் நிற்கிறாள்?'

'இடக் கையுறை தொலைந்துவிட்டது'
என்று தட்டினேன்.
அழித்தேன்.
'பில் இணைத்துள்ளேன்'
என்று அனுப்பினேன்.